உப்புக் கரையில் நட்ட உவாய்

1

நான் தேயிலைக் கன்று நர்சரிக்குக் கங்காணியாகப் பொறுப்பேற்ற பிறகு வந்த முதல் மழையில், வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவின் பின்கதவு வழியாகச் சேறு உள்ளே வந்துவிட்டது. அம்மன் கிருபை, தொட்டிலில் கிடந்த குழந்தைகள் ஒன்றுக்கும் ஆபத்தில்லை.

எங்கள் தோட்டம் றக்வானைக்குக் கீழே, எம்பிலிப்பிட்டிய பக்கம் இறங்கும் சரிவில் இருக்கிறது. வந்தால் கொட்டும் மழை, போனால் மாதக்கணக்கில் வெயில். பிள்ளைக்காம்பராவுக்கு மேலே சரிவாக ஒரு மண் கரை, அதற்கும் மேலே உர ஸ்டோர். அங்கே சிந்திய பொட்டாஷும் சல்பேட்டும் வருடக்கணக்காகக் கழுவுண்டு அந்தக் கரையில்தான் இறங்கின. வெயில் காலத்தில் மண் வெள்ளை பூத்து நிற்கும். நாக்கில் வைத்தால் கரிக்கும். மண்ணைப் பிடிக்க மானாப் புல் நட்டோம், கருகியது. வேர் பிடிக்காத கரை மழைக்கு எப்படி நிற்கும்?

தோட்டத்து மேனேஜர், பெரிய துரை, வந்து பார்த்தார். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார்.

"கங்காணி, இதை மூடிட்டுப் புள்ளைகளை மேல் டிவிசனுக்கு அனுப்பிருவோம்."

கொழுந்து எடுக்கும் முத்தம்மாவின் கைக்குழந்தையும் அங்கேதான் இருந்தது. அவள் விடவில்லை.

"பால் குடுக்க அந்த மலை ஏறி இறங்கினா கொழுந்தை யாருங்க எடுக்கிறது? தொரை எடுப்பீங்களா?"

துரை சிரித்துவிட்டார். "சரி, அடுத்த வருசப் பெரிய மழை வரைக்கும் டைம். கரையை நிப்பாட்டிக் காட்டு கங்காணி."

2

ஸ்டோர் தண்ணீர் கரைக்கு வராமல் மேலே வடிகாண் வெட்டித் திருப்பினோம். மண்ணில் ஏற்கெனவே ஏறிய உப்பு போகவில்லை. ஆபீஸில் வேலை பார்த்த மன்னார்க் கிளாக்கர் ஐயாதான் வழி சொன்னார்.

"எங்கட பக்கம் உப்புத் தரவையில உவாய் எண்டொரு செடி நிக்கும். தண்ணி ஊத்த ஆளில்லை, ஆனா பச்சையா நிக்கும். இப்ப சண்டையில பாதை பூட்டிக் கிடக்கு, என்ன செய்யிறது?"

அவர் இலையையும் பழத்தையும் விவரிக்கும்போதே லொறி டிரைவர் சுமணதாச குறுக்கே புகுந்தான். "அது மலித்தன் நே கங்காணி. அம்பாந்தோட்டை லேவாயப் பக்கம் ஓன தரம் தியெனவா." சிங்களத்தில் அதற்கு மலித்தன் என்று பேர்; உப்பளத்துப் பக்கம் வேண்டிய மட்டும் இருக்கிறதாம்.

அம்மனுக்குச் சூடம் கொளுத்திவிட்டு அவனோடு போனேன். உப்பு காய்ந்து வெடித்துக் கிடந்த தரையில் அந்தச் செடி தழைத்து நின்றது. காவல்காரரிடம் கேட்டுக் கிளைகளும் பழங்களும் கொண்டுவந்தேன்.

நர்சரியில் எங்களுக்குக் கைவந்த முறை ஒன்றுதான். நல்ல மண்ணைச் சலித்துப் பொலித்தீன் பையில் நிரப்பி, கிளைகளையும் விதைகளையும் நட்டு, பன்னம் என்கிற பெரணித் தழையால் நிழல் போட்டு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினோம்.

"கங்காணி, ஆரத்தி எடுக்கிறது ஒண்ணுதான் பாக்கி" என்றாள் முத்தம்மா.

ஒன்றுவிடாமல் அழுகிவிட்டதாகவே தெரிந்தது. பைகளைத் தூக்கி அந்தக் கரையிலேயே வீசினோம்.

3

வெயில் காலத்தில் ஒருநாள், பால் கொடுக்க வந்த முத்தம்மா பின்பக்கத்திலிருந்து கூப்பிட்டாள்.

"கங்காணி, நீங்க செத்துப்போச்சுன்னு வீசினது இங்க உசிரோட நிக்குதுங்க."

பை கிழிந்து, வேர் உப்பு மண்ணில் இறங்கி, அடித்தண்டில் துளிர் விட்டிருந்தது. குனிந்து பார்த்து, அம்மனைக் கும்பிட்டுவிட்டு எழுந்தேன். அந்த வாரமே லொறியில் மறுபடி போனேன்.

இந்த முறை நிழல் கிடையாது. பையில் கரை மண்ணையே நிரப்பினோம். விரல் விட்டுப் பார்த்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் தண்ணீர். நர்சரிப் பெண்கள் கையிலிருந்து பூவாளியை வாங்குவதுதான் பெரும்பாடாகிவிட்டது. "பச்சப்புள்ளையைப் பட்டினி போடுற மாதிரி இருக்குங்க" என்று சண்டைக்கு வந்தார்கள். நான் விட்டுக் கொடுக்கவில்லை. வேர் பிடித்ததும் கரையில் கல் அடுக்கி, வரிக்கு வரி நெருக்கி நட்டோம்.

பெரிய மழை கொட்டி ஓய்ந்த காலையில் துரை வந்து, தானே பின்கதவைத் திறந்தார். படி நனைந்திருந்தது. சேறு இல்லை. பாதியைக் கல் தாங்கியது, மீதியை உவாய் வேர் பிடித்திருந்தது.

"புள்ளைங்க இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

"தொரை கொழுந்து எடுக்காமத் தப்பிச்சிட்டாரு" என்றாள் முத்தம்மா, குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டே.

இப்போது நர்சரிக்கு வேலை பழக வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். அம்மன் அந்தச் செடியை எந்த மண்ணில் வைத்திருந்தாள் என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் நான் வந்தேன். வந்து, பார்த்ததை விட்டுவிட்டுப் பழகியதைச் செய்தேன். புதுச் செடி ஒன்று கைக்கு வந்தால் பூவாளியைக் கீழே வையுங்கள். அது நின்ற இடத்து மண்ணை முதலில் கையில் எடுத்துப் பாருங்கள்.