காலிக் கட்டம்

நல்லூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வெப்சைட் செய்து கொடுத்தபோதுதான், அங்கே தைத்த துணிகளைச் சரிபார்க்கும் செக்கிங் மேசையில் வேலை பார்த்த அந்த அம்மாவைச் சந்தித்தேன். மெலிந்த உடம்பு, கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட கண்ணாடி, கையில் எந்நேரமும் நூல் வெட்டும் கட்டர். எதிரே நிற்பவர் யாரானாலும், சட்டையில் பிசிறு தெரிந்தால் பேசிக்கொண்டே வெட்டிவிடுவார்.

துணி விவரக் கட்டம் காலியாக இருந்தால், பக்கம் தானாகவே ‘நூறு சதவீதம் காட்டன்’ என்று காட்டும்படி எழுதியிருந்தேன். அது முதலாளியின் யோசனை. திரையில் ஒரு குழந்தைச் சட்டையைப் பார்த்ததும் அந்த அம்மா நின்றுவிட்டார்.

“ஏனுங்க தம்பி, இதுல பாலியஸ்டர் கலந்திருக்குதுங்க. காட்டன்னு யாருங்க போட்டது?”

“விவரம் இல்லீன்னா அதுவே போட்டுக்குமுங்க.”

“தெரியலீன்னா தெரியலைன்னு போட வெய்யுங்க.”

பின்னால் வந்து நின்ற முதலாளிக்கு முகம் சிவந்தது. “காலியா இருந்தா சரக்கு வாங்குற பையர் என்ன நெனப்பான்? நீங்க உங்க வேலையப் பாருங்க.”

அந்த அம்மா முதலாளியின் காலரில் தொங்கிய பிசிறை நறுக்கென்று வெட்டினார். “இதுதானுங்க என்ற வேலை. காலியா இருந்தா அவன் கேப்பானுங்க. பொய்யா இருந்தா கேக்கவே மாட்டானுங்க.”

அன்றே அந்த இடத்தில் ‘விவரம் இல்லை, கேட்டு அறியவும்’ என்று மாற்றினேன்.

அடுத்த மாதம் போனபோது செக்கிங் மேசையில் வேறொருவர் இருந்தார். அந்த அம்மா எங்கே என்று முதலாளியிடம் கேட்டேன்.

“அவங்களா நின்னுட்டாங்க” என்றார், தயாராக வைத்திருந்ததைப் போல. கையோடு, பழைய வாசகத்தையே திரும்பப் போடச் சொன்னார்.

“அதுக்கு வேற ஆளப் பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.