ஐம்பத்திரண்டு கிலோ

என் பீரோவில், புடவைகளுக்கு அடியில், ரயில்வே ஸ்டேஷன் எடை மெஷினில் விழுந்த ஒரு பழைய சீட்டு இருக்கிறது. தீப்பெட்டி அளவு அட்டை. ஒரு பக்கம் ஐம்பத்திரண்டு கிலோ, மறுபக்கம் இங்கிலீஷில் ஒரு வரி பலன்.

அது அக்காவின் எடை. அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. பெங்களூர் பொம்மனஹள்ளியில் எங்களுக்குப் பக்கத்து ரூமில் குடியிருந்தவர். தொண்ணூறுகளின் நடுவில், புருஷன் விட்டுப்போன பிறகு, திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கார்மென்ட்ஸ் வேலைக்கு வந்தார். மூன்றாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். நான் பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்ததால் அவர் அம்மாவுக்குக் கடிதம் எழுதும் உத்தியோகம் எனக்கு வந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பும் இருந்தது.

வந்தபோது அக்கா எலும்பும் தோலுமாக இருந்தார். "பட்டினி கெடக்காத, ஒடம்ப தேத்து" என்று பஸ் ஏற்றும்போது அம்மா அழுதாராம். அதனால் மாதம் ஒரு ஞாயிறு, சிவாஜி நகரில் சாமான் வாங்கும் சாக்கில், என்னைக் கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போவார். கோயில் படி ஏறுவதுபோல் செருப்பைக் கழற்றிவிட்டு மெஷினில் ஏறுவார். விழுந்த சீட்டைக் கடிதத்தோடு ஊருக்கு அனுப்புவோம். எடை முப்பத்தெட்டில் ஆரம்பித்தது. "பின்னாடி இன்னா போட்டுக்குது பாப்பா?" என்று கேட்பார். அதில் எது இருந்தாலும், அவர் முகத்தைப் பார்த்து நல்லதாக ஏதாவது சொல்லிவைப்பேன்.

நாற்பத்து மூன்று, நாற்பத்தேழு என்று ஏறியது. பெங்களூர் தண்ணி ஒத்துக்கிச்சு என்றார்கள் அக்கம்பக்கத்தில். ஆனால் அக்கா தண்ணீரே குடிக்க மாட்டார். ஃபேக்டரியில் பாத்ரூம் போகவேண்டுமென்றால் சூப்பர்வைசரிடம் டோக்கன் கேட்க வேண்டும், அவன் வாயில் விழவேண்டும். "எதுக்குக் குடிக்கணும், எதுக்கு அந்தாளு முன்னாடி போயி நிக்கணும்?" என்பார். அடிக்கடி காய்ச்சல் வரும். முதுகுவலிக்குத் தினமும் மெடிக்கலில் வாங்கிய மாத்திரை. நான் கிட்னி படம் வரைந்து பாகம் குறித்து முழு மார்க் வாங்கியவள். அந்தப் படத்தை அக்காவிடம்கூடக் காட்டினேன். "அவரக்கொட்டையாட்டம் கீது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஐம்பத்திரண்டு காட்டிய மாதம், மெட்டி விரலை இறுக்கியது, ஜாக்கெட் கையைப் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. "அக்கா நன்றாகப் பூசினாற்போல் இருக்கிறார், கவலைப்படாதீர்கள்" என்று எழுதிச் சீட்டை வைத்து ஒட்டினேன்.

அடுத்த மாதமே மூச்சு வாங்க ஆரம்பித்தது. பெரியாஸ்பத்திரியில் டாக்டர் அக்காவின் காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். விழுந்த குழி எழவே இல்லை. இது சதை இல்லை, நீர், கிட்னி போய்விட்டது என்றார். இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று அவர் கேட்டது, ஃபாரம் நிரப்பிக்கொண்டிருந்த என்னைப் பார்த்துத்தான். அக்காவை ஊருக்குக் கூட்டிப்போனார்கள். பொங்கல்வரைகூடத் தாங்கவில்லை.

காரியத்துக்குப் போயிருந்தேன். அக்காவின் அம்மா மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த சீட்டுகளை என் முன்னால் அவிழ்த்தார். கடைசிச் சீட்டை என் கையில் வைத்தார். "வாத்தியாரு அம்பத்திரண்டுன்னு படிச்சாரும்மா. தெருவுக்கே சொன்னேன். அம்பத்திரண்டு இருந்தவ எப்பிடிம்மா போவா? நீ படிச்சவ, பாத்துச் சொல்லு."

சீட்டைத் திருப்பிக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

இப்போது வைட்ஃபீல்டில் இருக்கிறேன். எங்கள் அபார்ட்மென்டில் எடை குறைந்தவர்களுக்குத்தான் பாராட்டு. காலையில் மெஷினில் ஏறுமுன், என் காலைக் கட்டைவிரலால் அழுத்தி, குழி எழுகிறதா என்று பார்க்கிறேன். எப்போதாவது அக்காவின் சீட்டை எடுத்தால் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறேன். பின்பக்கத்தைத் திருப்புவதில்லை. அன்று பிளாட்பாரத்தில் அதைப் படித்து, "நூறு வயசு இருப்பீங்களாம்க்கா" என்று சொன்னேன். அட்டையில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை.