மஞ்சள் மெழுகு வட்டம்

ஆர்லோ ஹென்ஷா பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஏதாவது இருந்ததென்றால், அது அவர் செய்யாமல் விட்டதுதான். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அமெரிக்காவில், இந்தியானாவின் அந்தச் சோளக்காட்டு ஊர்களில் 'கழுவாத ஆர்லோ' என்றால்தான் ஆளைத் தெரியும். எழுபதாம் வருடம், மீசை சரியாக முளைக்காத வயதில் புதிதாக வாங்கிய பச்சை நிற ஷெவெல் காருக்கு அவர் மறுபடி பெயின்ட் அடித்ததில்லை. சீட் கிழிந்தால் கிழிந்தபடியே கிடக்கும்.

"என் மூஞ்சியில சுருக்கம் விழுந்தா ஏன்னு கேக்க ஆளில்ல, அந்தத் துருவுக்கு மட்டும் போர்வை!" என்பாள் மனைவி ஜோலீன்.

மாவட்டக் கண்காட்சியில், கம்பெனியை விட்டு வந்த கோலத்திலேயே இருக்கும் கார்களுக்கென்று ஒரு பிரிவு உண்டு. அங்கே பளபளப்பைக் கண்டால் சந்தேகப்படுவார்கள். அழுக்குக்குத்தான் மரியாதை. ஆர்லோவின் காரில் எல்லோரும் குனிந்து பார்ப்பது ஒன்றை: பானெட்டைத் திறந்தால், என்ஜினுக்குப் பின்னால் உள்ள தகட்டில், அன்றைக்குக் கம்பெனியில் காரைச் சோதித்த யாரோ ஒரு தொழிலாளி மஞ்சள் மெழுகுப் பென்சிலால் போட்ட ஒரு வட்டம், அதற்கொரு வால்.

போன பனிக்காலத்தில் எலி அங்கே கூடு கட்டிவிட்டது. நாற்றம் பொறுக்காமல் ஆர்லோ கூட்டைப் பிய்த்தெறிந்துவிட்டு, கைக்குக் கிடைத்த அழுக்கு நீக்கும் மருந்தைத் தெளித்துத் துடைத்தார். துணியில் மஞ்சள் ஒட்டிக்கொண்டு வந்தது. நிமிர்ந்து பார்த்தபோது தகடு சுத்தமாக இருந்தது. அவ்வளவு சுத்தத்தை அந்தக் கார் அதுவரை கண்டதில்லை.

அதே மாதிரி மெழுகுப் பென்சில் வாங்கினார். அட்டைப் பெட்டிகளில் வட்டம் வட்டமாகப் போட்டுப் பார்த்தார். வேலை அவசரத்தில் ஒருவன் கிறுக்கியது போல வரும்வரை நிதானமாகப் பழகினார். பிறகு தகட்டில் ஒரே இழுப்பில் போட்டு, அதன்மேல் கொட்டகைத் தூசியை ஊதிவிட்டார். ஜோலீனிடம்கூடச் சொல்லவில்லை.

ஆகஸ்டில் கண்காட்சி. நடுவர் டெல்மர் ஃபிங்க், ஆர்லோவோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவர். டார்ச் அடித்துக் குனிந்தார்.

"பாத்துக்கங்கய்யா," என்று கூட வந்த நடுவர்களைக் கூப்பிட்டார். "இந்த அவசரத்தைப் போலியா யாராலயும் கொண்டுவர முடியாது. இதை போட்டோ எடுத்து வச்சுக்கங்க. இந்த கம்பெனி வண்டி எது வந்தாலும் இதோட ஒப்பிட்டுப் பாத்தாப் போதும்."

ஆர்லோவுக்குக் காது மடல் சுட்டது. தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

அடுத்து நின்றது மார்னி கோல்பின் கார். அதே கம்பெனி, அதே மாதத்து வண்டி. அப்பா செத்த பிறகு கொட்டகையிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்திருந்தாள். அதிலும் ஒரு மஞ்சள் வட்டம். டெல்மர் கையிலிருந்த படத்தைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார்.

"வால் எதிர்ப்பக்கமா போகுதேம்மா. இதை யாரோ பின்னாடி போட்டிருக்காங்க."

"யார் சார் போடுவாங்க? எங்கப்பா இதுல கையே வைக்கலை."

"உனக்குத் தெரியாம வச்சிருப்பாரு. மெடலுக்கு ஆசைப்பட்டு எத்தனை பேரு பண்றாங்க, நான் பாக்காததா?"

"எங்கப்பாவை ஏமாத்துக்காரர்ங்கறீங்க?"

ஆர்லோ எட்டிப் பார்த்தார். மார்னியின் வண்டியில் வால் இடப்பக்கம் விழுந்திருந்தது. இடக்கைக்காரன் இழுத்த வால். பார்த்ததுமே தெரிந்துவிட்டது: தன் வண்டியிலும் அப்படித்தான் இருந்தது. ஐம்பது வருடம் பார்த்த கோட்டை, அட்டையில் பழகிப் பழகி, தன் வலக்கைக்கு வாகாக மாற்றிவிட்டிருந்தார்.

டெல்மர் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு அடுத்த காருக்கு நகர்ந்தார். அதற்கடுத்த காருக்கும் போனார். அப்போதும் ஆர்லோ இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. மார்னி பானெட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்த வட்டத்தையே பார்த்தபடி நின்றாள், இப்போது அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது போல.

ஆர்லோ ஓடிப்போய் டெல்மரின் சட்டையைப் பிடித்தார்.

"அந்தப் பொண்ணு வண்டியில இருக்கறதுதான் நிஜம். என்னோடது நான் போட்டது."

"வெயில் தலைக்கேறிடுச்சா உனக்கு?"

"எலி மூத்திரத்தைத் துடைக்கறேன்னு அழிச்சுட்டேன் டெல்மர். திரும்ப வரைஞ்சுட்டேன்."

டெல்மர் டார்ச்சை அணைத்தார். "டார்ச் அடிச்சுப் பாடம் நடத்தினேனேடா," என்றார். திரும்பி நடந்து மார்னியின் மதிப்பெண்ணைச் சரிசெய்து, அவளிடம் மன்னிப்பும் கேட்டார். அவள் அவரை விட்டுவிட்டு ஆர்லோவிடம் வந்தாள்.

"பக்கத்துலதானே நின்னீங்க? எங்கப்பாவைச் சொன்னப்போ கேட்டுட்டுத்தானே இருந்தீங்க?"

"ஆமாம்மா."

அவள் தன் வண்டிக்குத் திரும்பிப் போனாள். இன்னும் இரண்டு வார்த்தை கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது ஆர்லோவுக்கு.

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று பார்த்தார். பரிசு கொடுத்து முடியும்வரை எந்த வண்டியும் நகரக்கூடாது, பானெட்டும் மூடக்கூடாது என்பது விதி. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கையில் பன்றிக்கறி சாண்ட்விச்சோடு ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அடடா, என்ன கைவேலைய்யா! அந்தக் காலத்து ஆளுங்க ஆளுங்கதான்."

"அது நான் போட்டதுங்க," என்றார் ஆர்லோ.

அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல ஜோக் என்று பக்கத்திலிருந்தவரையும் கூப்பிட்டார். ஆர்லோ எழுந்து நின்று, இரண்டு பேருக்குமாக, எலியிலிருந்து ஆரம்பித்துச் சொல்ல வேண்டியிருந்தது.