பழுப்புக் கவரில் இரண்டு டிக்கெட்

லாண்டரியில் எல்லோரும் அவரை "பாக்கெட் அண்ணே" என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடமாக வேலை அதுதான். சலவைக்கு வரும் கோட்டு, கால்சட்டை எதுவானாலும் பைக்குள் கையை விட்டுத் துழாவ வேண்டும். கிடைத்ததைப் பழுப்புக் கவரில் போட்டு, தேதி எழுதி, ஸ்டேப்ளர் அடித்து, துணியோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். சீப்பு, மாத்திரை, யாரோ யாருக்கோ எழுதிய காதல் கடிதம், ஒரு தடவை பல்செட். எது வந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. "கேட்டா அவங்க பொய் சொல்ல வேண்டி வரும். அந்தப் பாவம் நமக்கெதுக்கு?" என்பார், புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களிடம். கடைக்கு இது நல்ல விதிதான். மனுஷன் அதை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்ததுதான் வினை.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுத் துணியை மெஷினில் போடப் போனார். மனைவியின் ஸ்வெட்டர் பையில் இரண்டு சினிமா டிக்கெட். ஏதோ மலையாளக் குடும்பப் படம், புதன்கிழமை மதியக் காட்சி, அடுத்தடுத்த இருக்கைகள். அந்த நேரத்தில் அவள் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள் என்றல்லவா அவர் நினைத்திருந்தார்?

வேறு ஆளாக இருந்தால் வீடு இரண்டு பட்டிருக்கும். இவர் டிராயரைத் திறந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்தார். டிக்கெட்டைப் போட்டார், தேதி எழுதினார், ஸ்டேப்ளர் அடித்தார். மடித்த துணிக்கு மேல் வைத்துவிட்டு டீ போடப் போய்விட்டார்.

அவள் கவரைப் பார்த்தாள். கட்டிய புருஷனே தன்னை வாடிக்கையாளர் ஆக்கிவிட்டார் என்று புரிந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்காதவரிடம் என்னத்தைச் சொல்வது? அவளுக்கும் ரோஷம் உண்டே.

அப்புறம் சண்டையும் இல்லை, சமாதானமும் இல்லை. "உப்பு", "சாவி", "மழை வரும்" என்று பேச்சு சுருங்கிப்போனது. முதலில் அவருக்கு வயிறு எரிந்தது. பிறகு அதுவும் மரத்துப்போனது. அவள் இருமினால் தண்ணீர் கொண்டுபோய் வைப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார். இருக்கிறாளா, இருக்கட்டும். போகிறாளா, போகட்டும். அவ்வளவுதான் மிச்சம்.

போன மாதம் ஸ்டீம் பிரஸ்ஸின் மூடி அவர் வலது கையில் விழுந்தது. கை முழுக்கக் கட்டு. அப்படியும் ஒற்றைக் கையால் பை துழாவ வேலைக்குக் கிளம்பிவிடுவார். ஆனால் சட்டைப் பொத்தானை அவள்தான் போட்டுவிட வேண்டும். மூன்று நாள் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு காரியத்தை முடித்தார்கள். நாலாம் நாள், அவள் விரல் மூன்றாவது பொத்தானில் இருக்கும்போது, அவர் வாயிலிருந்து தானாக வந்தது.

"அந்த ரெண்டாவது டிக்கெட் யாருக்கு?"

விரல் நின்றது. "இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?"

"ம்."

"யாருக்கும் இல்ல. பக்கத்து சீட்டுல ஆள் வந்துடக் கூடாதுன்னு நானே வாங்கினேன். நிம்மதியா அழணும்ல."

"எதுக்கு அழுத?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நம்ம பிள்ளை உயிரில்லாமப் பொறந்து அன்னைக்கு அஞ்சு மாசம். நீங்க மூணாம் நாளே வேலைக்குப் போயிட்டீங்க. அதப் பத்தியும் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

அவருக்கு அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. வெட்கப்படுவதற்கும் உள்ளே கொஞ்சம் உயிர் வேண்டுமே. "மன்னிச்சிடு," என்றார். மரக்கட்டை பேசியது மாதிரி அவர் காதுக்கே கேட்டது.

"நானும் வாயத் திறந்திருக்கலாம்," என்று சொல்லி, மிச்சப் பொத்தான்களைப் போட்டுவிட்டாள்.

அடுத்த புதன்கிழமை இருவரும் அரை நாள் லீவு போட்டு மதியக் காட்சிக்குப் போனார்கள். என்ன படம் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. விளக்கு அணைந்த கால் மணி நேரத்தில் அவள் அழ ஆரம்பித்தாள். அவருக்கு அப்போதும் கண் நனையவில்லை. கட்டுப் போட்ட கையை எடுத்து அவள் மடியில் வைத்தார். அவள் அதைத் தள்ளிவிடவில்லை.

வெளியே வந்ததும் இரண்டு டிக்கெட்டையும் அவர் சட்டைப் பையில் அவளே திணித்தாள்.

"இந்தச் சட்டைய நான்தான் துவைப்பேன். பையில இது கிடைச்சா கேப்பேன்."

"என்ன கேப்ப?"

"யாரோட போனீங்கன்னு."