நீல அட்டையைப் பற்றி அப்பா சொன்னது

இந்தக் குழுவில் மற்றவர்கள் எழுதுவதை வாசித்துவிட்டு, எப்போதாவது இரண்டு வரி மட்டும் எழுதிவிட்டுப் போகிறவள் நான். இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதிவிட்டேன்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் ஜாக்கெட்டில் எப்போதும் பொரித்த எண்ணெயும் சவர்க்காரமும் கலந்த ஒரு வாசம். டவுன்டவுனில் ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவினார். தட்டு, சட்டி, தட்டம் எல்லாமே கோப்பைதான். அங்கே சமையற்காரர் மார்க் நாள் முழுக்க கத்திப் பாடுகிற ஒரே ஒரு அமெரிக்க பங்க் ராக் பாண்டின் பாட்டுகளைத்தான் போடுவாராம். வேலையை விட்டுப் போனபோது அந்த பாண்டின் ஐந்து சீடிகளையும் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு பியர்பொன்ட்ஸில் இருந்த எங்கள் வீட்டில் சனிக்கிழமைக் காலைகள் அந்தப் பாட்டுகளோடுதான் விடிந்தன.

"இஞ்சேருங்கோ, உந்தக் கத்தலை நிப்பாட்டுங்கோ. பூசைக்குப் போற ஆக்களின்ர வீடே இது?" என்பார் அம்மா.

"நாளைக்குத்தானே மாதா கோயில்ல பூசை" என்பார் அப்பா.

அப்பாவுக்கு ஆல்பங்களின் பெயர் தெரியாது. அட்டையின் நிறம்தான் பெயர். சிவப்பு முதலாவது... ஒரு பாட்டு முடிவதற்குள் ஓர் அடுக்குக் கோப்பை கழுவி முடிந்துவிடுமாம். மஞ்சள் இன்னும் வேகம். கறுப்பில் ட்ரம்ஸ் அடிப்பவர் மாறிவிட்டார், அதைக் காதுக்கு முன்னமே கோப்பை கழுவுகிற கை கண்டுபிடித்ததாம். பச்சையில் முதன்முதலாக ஒரு பியானோ.

நீலம் மெதுவானது. பாண்ட் காசுக்காக விலைபோய்விட்டது என்று மார்க் திட்டித் தீர்த்தாராம். அப்பா அதை ஒத்துக்கொள்ளவில்லை.

"அவங்கள் விலைபோகேல்லை பிள்ளை. பிள்ளையள் பிறந்திருக்கும். வீட்டில ஒண்டு நித்திரை கொள்ளேக்க ஆர் கத்திப் பாடுவினம்?"

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நீ பிறந்தாப்பிறகுதானே நான் கோப்பையைச் சத்தமில்லாமல் வைக்கப் பழகினனான்."

பிறகு யூனிவர்சிட்டி. எங்கள் குடும்பத்தில் அங்கே போன முதல் ஆள் நான். கேம்பஸ் ரேடியோவில் அந்த பாண்டின் ஐந்து ஆல்பங்களையும் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். நீலம் வந்தபோது அப்பா சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். நிகழ்ச்சியை நடத்திய பெண் அசந்துபோனாள். இது எங்கே கிடைத்தது என்று கேட்டாள்.

"எங்கேயோ வாசித்தேன்" என்றேன்.

கோப்பை கழுவுகிற அப்பா சொன்னார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றைக்கு அப்பா லீவு போட்டுவிட்டு ரேடியோவுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். நான் வீட்டுக்கு வந்ததும், "நல்லாக் கதைச்சனி" என்றார். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து, கப்பைச் சத்தமில்லாமல் எனக்கு முன்னால் வைத்தார்.

இப்போது புவாண்ட்-கிளேரில் எனக்கு ஆபீஸ் வேலை, தனி வீடு. ஐந்து ஆல்பமும் போனில் இருக்கின்றன. பாதிப் பாட்டில் அடுத்ததுக்குத் தாவிவிடுகிறேன். அப்பா வேலையை விட்டாயிற்று. ஜாக்கெட்டில் சலவைப் பவுடர் வாசம் மட்டும்தான்...

அன்று ரேடியோவில் கேட்டவர்கள் யாராவது இதை வாசித்தால்... அது நான் எங்கேயும் வாசித்தது அல்ல. என் அப்பா சொன்னது.

போன வாரம் ஆறாவது ஆல்பம் வந்திருக்கிறது. அட்டை வெள்ளை. நான் இன்னும் கேட்கவில்லை.

அப்பா, நீங்கள் லைக் போடாமல் என்னுடைய எல்லாப் பதிவையும் வாசிக்கிறது எனக்குத் தெரியும். சனிக்கிழமை காலமை வாறன். அவங்களுக்கு இப்ப என்ன நடந்திருக்குது எண்டு வெள்ளையைக் கேட்டுச் சொல்லுவீங்களே?