நாற்பத்தோரு இடங்களில் நான்

மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. கட்டணமில்லாத கதைப்போட்டிகளை மோப்பம் பிடிப்பது என் வியாதி. இருமுகிறவர்களைக் காக்கவைத்துவிட்டுக் கைபேசியில் அறிவிப்பு தேடுவேன். அப்படி ஒரு போட்டி அகப்பட்டது. எழுதியவர் பெயர் தனித்தாளில் மட்டுமே இருக்க வேண்டும். கதையில் எங்கும் இருக்கக் கூடாது என்பது விதி. முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் இருந்த பெயரைக் கவனமாக நீக்கி அனுப்பினேன்.

மூன்றாம் நாளே பதில் வந்துவிட்டது: “நிராகரிக்கப்பட்டது. தங்கள் பெயர் கதைக்குள் நாற்பத்தோரு இடங்களில் உள்ளது.”

ஆறடி உயரமும் அடர்ந்த முடியும் கொண்ட, ஊரே மெச்சும் கதாநாயகனுக்கு என் பெயரையே வைத்திருந்தேன்.

மனைவி கதையைப் படித்துவிட்டு என் வழுக்கையைப் பார்த்தாள்.

“பேர மட்டும் மாத்துங்க, போதும். மத்தபடி இது நீங்கதான்னு ஒருத்தருக்கும் தெரியாது.”