டார்லா பிடித்த பந்து

டார்லா பிக்கெட்டுக்கு வாய் கொஞ்சம் பெரிது. அதை அவளே ஒப்புக்கொள்வாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பின்னால் கும்மாளம் போடும் பிள்ளைகளை அதட்டி அதட்டியே குரல் அப்படி ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஜெபம் சொன்னாலும் யாரையோ உட்காரச் சொல்கிற மாதிரிதான் இருக்கும். பாஸ்டரே ஒருமுறை சட்டென்று உட்கார்ந்துவிட்டார் என்று எங்கள் ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஊர் என்றால் ஓக்லஹோமாவின் மேற்குக் கோடியில் கோதுமைக்கு நடுவே ஒரு தெரு, ஒரு பெட்ரோல் பங்க், ஒரு பள்ளிக்கூடம். மிச்சமெல்லாம் காற்று. அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் டார்லா பெண்கள் அணியின் கேட்சர். எறிகிறவள் எறியும் பந்தை, மட்டை பிடித்தவளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பிடிக்கிற வேலை. கல்யாணமாகி, மகன் கோல்பி பிறந்து, அவன் கையில் பந்து நிற்க ஆரம்பித்த நாளிலிருந்து சாயங்காலமானால் கார் ஷெட்டுக்குப் பின்னால் அவள் கையுறையைப் போட்டுக்கொண்டு குந்திவிடுவாள். அவன் எறிவான், இவள் பிடிப்பாள். பையன் ஆறடிக்கு மேல் வளர்ந்து பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டான். இவள் இன்னும் குந்திக்கொண்டுதான் இருந்தாள். "இந்த ஜில்லாவுலயே எம் புள்ள பந்தைப் பிடிக்கிற கை இது ஒண்ணுதான்" என்று இடது கையை விரித்துக் காட்டுவாள். கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது.

மார்ச்சில் வந்தது வினை. பக்கத்து ஊருடன் பேஸ்பால் ஆட்டம். கோல்பிக்கு அன்று கை நன்றாக ஓடியது. கேட்சராக உட்கார்ந்திருந்தவன் ப்ரேடி, அடுத்த வீட்டுப் பையன், கோல்பியோடு ஒன்றாகவே வளர்ந்தவன். கோல்பி விட்ட ஒரு பந்து ப்ரேடியின் கட்டைவிரலை ஒடித்துவிட்டது. சத்தம் பார்வையாளர்கள் உட்காரும் பலகைவரை கேட்டது என்கிறார்கள். கோல்பி மைதானத்து ஓரத்துக்குப் போய் வாந்தி எடுத்தான். அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

பேச்சு காற்றாய்ப் பரவியது. பிடிக்கிறவன் விரலையே ஒடித்த பையன் ஒருத்தன் இருக்கிறானாமே! பெரிய அணிகளுக்கு ஆள் பார்த்துச் சொல்கிறவர்கள் மடக்கு நாற்காலியும், பந்தின் வேகத்தை அளக்கும் வேகமானியுமாக வந்து இறங்கினார்கள். பெண் பார்க்க வந்த வீட்டார் மாதிரி முகத்தில் ஒன்றையும் காட்டாமல் வலைக்குப் பின்னால் உட்கார்ந்து சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பினார்கள். அதற்குள் ப்ரேடி விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்திருந்தான். வராமல் என்ன செய்வான்? அணிக்கு ஆள் எண்ணிக்கை தேறுவதே பெரும்பாடு. வேறு கேட்சர் இல்லை.

கோல்பி அவனுக்குப் பூப்போல எறிந்தான். வேகமானி எண்பது மைலைத் தாண்டவில்லை. தொண்ணூறுக்குக் கீழே இருந்தால் அவர்கள் கண்ணைக்கூடத் திறக்கமாட்டார்கள். ஒவ்வொருவராக நாற்காலியை மடக்கிக்கொண்டு போனார்கள். "ஏதோ குருட்டாம்போக்குல விரல் ஒடிஞ்சிருக்கு" என்று பெட்ரோல் பங்கில் காபி குடித்துக்கொண்டே சொன்னார்களாம்.

டார்லா பயிற்சியாளர் டுவைட்டிடம் போய் நின்றாள். அவளோடு படித்தவன்தான் அவன்.

"டுவைட், எம் புள்ளைய முழு வேகத்துல எறியச் சொல்லு."

"சொல்லி? மூணு தடவை அடிக்காம விட்டா அவுட்டு. ஆனா மூணாவது பந்தை கேட்சர் கோட்டை விட்டா, அடிக்கிறவன் ஓடித் தப்பிச்சுக்கலாம். உனக்குத் தெரியாததா? கோல்பி வேகமா போட்டா அவனுங்களால அடிக்கவும் முடியல, ப்ரேடியால பிடிக்கவும் முடியல. அத்தனை பேரும் ஓடித் தப்பிச்சுடறானுங்க. வேற யாரை உக்கார வைக்கட்டும்? நீ வர்றியா?"

"வரச் சொல்லேன், வர்றேன்!"

"போ டார்லா, பஸ்ஸப் பாரு."

வீட்டில் கோல்பி ரொட்டியை வெள்ளைக் குழம்பில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டா, உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிற? என்கிட்ட எறியிற மாதிரி அங்க எறிஞ்சா என்ன கேடு?"

"ப்ரேடி விரலும்மா."

"ப்ரேடி விரலு, ப்ரேடி விரலு! அவன் விரலுக்கு உன் வாழ்க்கையை எழுதிக் குடுத்துட்டியா?"

"அந்தச் சத்தம் உனக்குக் கேக்கல. எனக்குக் கேட்டுச்சு." தட்டைத் துடைத்து எடுத்தான். "விடும்மா. ஜூன்ல அப்பாகூடக் கெணத்து வேலைக்குப் போறேன். ஒண்ணும் குடிமுழுகிடாது."

அந்த வார்த்தைதான் அவளைச் சுட்டது. புருஷன் லைல் வடக்கே எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்க்கிறான். பணம் மாதாமாதம் வரும், ஆள் கிறிஸ்துமஸுக்கு வருவான். வந்தாலும் பாதி நேரம் தூக்கம், மீதி நேரம் முதுகுவலி. மகனுக்கும் அங்கே ஓர் இடம் சொல்லி வைத்திருந்தான். கல்லூரியோ அணியோ ஒன்றும் வந்து கூப்பிடாவிட்டால் கோல்பி அங்கேதான் போவான். ஒருத்தனைக் கொடுத்தது போதும், இரண்டாவது ஆளையும் தரமாட்டேன் என்று டார்லா பாத்திரம் கழுவிக்கொண்டே தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தனக்குத்தானே சொன்னதுதான், ஆனால் ப்ரேடி வீட்டுக்கும் கேட்டது.

உள்ளூரில் கடைசி ஆட்டத்துக்கு ஆள் பார்க்க ஒரே ஒருத்தர் வந்தார். மெர்ல் டகெட் என்று பெயர், அறுபதைத் தாண்டிய மனிதர். பழைய கேட்சர் என்பது விரல்களைப் பார்த்தாலே தெரியும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் திரும்பியிருந்தது. பாதி ஆட்டம் பார்த்தார். கொட்டாவி விட்டார். நாற்காலியை மடக்கினார்.

அவர் பிக்கப் வண்டியைக் கிளப்பி வாசலுக்கு வந்தபோது, அதற்குக் குறுக்கே மஞ்சள் பேருந்து நின்றது, ஓட்டும் இடத்தில் டார்லா. மெர்ல் கண்ணாடியை இறக்கினார்.

"என்னம்மா, பஸ்ஸு ரிப்பேரா?"

"பஸ்ஸு நல்லாத்தான் இருக்கு. பாதியில எந்திரிச்சு வந்த நீங்கதான் சரியில்ல."

"பாத்தவரைக்கும் போதும்மா. எண்பதைத் தாண்டலையே."

"அது அவன் பந்தே இல்ல சார். கேட்சர் கை போயிடும்னு பயந்து போடறான். நான் அவன் அம்மா."

"எல்லா அம்மாவும் ஏதாச்சும் சொல்வாங்க. போன வாரம் ஒருத்தங்க, பையனுக்குக் காதல் தோல்வி, அதான் வேகமில்லன்னாங்க."

"ஆட்டம் முடியட்டும். நானே பிடிக்கிறேன், பாருங்க. அதுவரைக்கும் பஸ்ஸு நகராது."

மெர்ல் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "ஆட்டம் முழுக்க எறிஞ்ச கையை மறுபடி எறியச் சொல்றதா? என் பொழப்பே போனாலும் அதுக்கு நிக்க மாட்டேன். வியாழக்கிழமை இந்த வழியாத்தான் திரும்புறேன். அதுக்குள்ள அவன் கை தேறியிருக்கும். இப்ப பஸ்ஸ எடுங்க."

டார்லா ஒருத்தர் சொன்ன பேச்சைக் கேட்டாள். அவளுக்கு அது புதிது. பேருந்தை எடுத்து வழிவிட்டாள்.

வியாழக்கிழமை வரும்வரை அவளுக்கு நிலைகொள்ளவில்லை. கோல்பி வரவே மாட்டேன் என்றான்.

"அம்மா பிடிக்கிறதைப் பாத்து எல்லாரும் சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டும். அவங்க பல்லு, அவங்க காட்டறாங்க. நீ கெளம்பு."

மைதானத்தில் அவர்கள் மூன்று பேர்தான். மெர்ல் சொன்ன சொல் தவறாமல் வந்திருந்தார். டார்லா முகக்கவசம் மாட்டி, மார்க்கவசம் கட்டி, முட்டி கடகடவென்று சத்தம் போடக் குந்தினாள். மெர்ல் அவள் முதுகுக்குப் பின்னால் வேகமானியோடு நின்றார். கோல்பி கையைச் சூடுபடுத்திக்கொண்டு எறிய ஆரம்பித்தான். பந்து சர்சர்ரென்று வந்து கையுறைக்குள் உட்கார்ந்தது. இன்னும், இன்னும் என்றாள் டார்லா. பொறுக்கமாட்டாமல் கவசத்தைத் தூக்கினாள்.

"எவ்வளவு சார்?"

"எண்பத்தெட்டு."

"சரியா பாருங்க."

"சரியாத்தாம்மா பாத்தேன். நல்ல கைதான். சின்னக் காலேஜ் ஏதாச்சும் எடுத்துக்கலாம். நான் சொல்லிப் பாக்கிறேன்."

டார்லா இத்தனை வருஷம் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தது வெறும் எண்பத்தெட்டுக்கா? வீட்டில் வேகமானி ஏது? என்றைக்கோ பட்ட கை எரிச்சலை வைத்து அவளாகப் போட்ட கணக்குதானே! மெர்ல் சும்மா ஆறுதலுக்குச் சொல்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது. தாய் மனசு பெரிதாக்கிக் காட்டியதை நம்பி, ஒரு பெரிய மனிதரை வழிமறித்து வரவழைத்துப் பிள்ளையை அவமானப்படுத்திவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. கண் நிறைந்துவிட்டது. கவசத்தை மறுபடி இறக்கி மறைத்துக்கொண்டாள்.

மெர்ல் புறப்படவில்லை. தாடையைச் சொறிந்தார்.

"அம்மா, கையுறையைக் கழட்டி அந்தக் கையைக் காட்டுங்க."

காட்டினாள். உள்ளங்கை வெளுப்பாகவே இருந்தது.

"இத்தனை பந்துல ஒண்ணுகூட உள்ளங்கையில படல, பாத்தீங்களா? எல்லாம் கையுறையில கட்டைவிரலுக்குப் பக்கத்துல இருக்கிற தோல் வலைக்குள்ளயே வந்து விழுது. கையை எங்க வெச்சாலும்."

"அது நான் பிடிக்கிற லட்சணம் சார்."

"இல்லம்மா. அது அவன் போடற லட்சணம்."

அவளுக்குப் புரியவில்லை. மெர்ல் கையுறையை வாங்கிக்கொண்டு வேகமானியை அவள் கையில் திணித்தார். தன் வண்டியிலிருந்து ஒரு பழைய முகக்கவசத்தை எடுத்து மாட்டினார். அவள் கழற்றிய மார்க்கவசத்தைக் கட்டிக்கொண்டு, "யப்பா... ஏசுவே..." என்று முனகிக் குந்தினார்.

"தம்பி, என்னைப் பாத்து எறி. நான் உனக்கு மாமனுமில்ல மச்சானுமில்ல. என் கை போனா கம்பெனி பாத்துக்கும்."

கோல்பி அம்மாவைப் பார்த்தான். முதல் பந்தை எறிந்தான். மெர்ல் அதைப் பிடித்து அலட்சியமாகத் திருப்பி வீசினார்.

"இது என்ன, தபால்ல அனுப்புறியா? இதுக்காடா நான் முட்டியை மடக்கினேன்?"

கோல்பிக்குக் காது சிவந்தது. தொப்பியை இறுக்கினான். காலைத் தூக்கினான்.

டார்லா பந்தைப் பார்க்கவில்லை. சத்தத்தைத்தான் கேட்டாள். கதவை அறைந்து சாத்தியது போல ஒரு சத்தம். அவ்வளவு வருஷத்தில் அவள் கையுறையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்ததே இல்லை. மெர்ல் பின்பக்கம் தரையில் பட உட்கார்ந்திருந்தார். பந்து கையுறைக்குள்ளேயே இருந்தது. டார்லாவின் கையிலிருந்த வேகமானியில் தொண்ணூற்றாறு என்று இருந்தது.

"டேய்!" அந்தக் குரலுக்கு மின்கம்பியில் இருந்த காக்கைகள் பறந்தன. "என்னை இத்தனை நாளா ஏமாத்திக்கிட்டு இருந்தியா? எப்பலேர்ந்துடா?"

"போன வருஷத்துக்கு முந்தின குளிர்லேர்ந்தும்மா."

"ஏன்டா?"

கோல்பி காலால் மண்ணைக் கிளறினான். "ஒருநாள் காலையில ஒத்தக் கையால பஸ் ஓட்டுனே. ரோடெல்லாம் பனி. முந்தின நாள் என் பந்தைப் பிடிச்ச எடது கையை மடியில வெச்சிருந்தே, விரலு மடங்கவே இல்ல. பின்னாடி அத்தனை புள்ளைங்க. நான் முன் சீட்லதாம்மா இருந்தேன்."

அந்தக் காலை அவளுக்கு ஞாபகம் இருந்தது. யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தாள். கோபம் வந்தது, பெருமை வந்தது, அழுகையும் வந்தது.

"விரலு அஞ்சும் இருக்கான்னு யாராச்சும் பாத்துச் சொல்லுங்கப்பா" என்றார் தரையிலிருந்து மெர்ல். பிறகு கையை உதறிக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தார். "எங்க டீம் பெரியவருக்கு இப்பவே போன் போடறேன். நாளைக்கே வருவாரு. வர்றப்ப வயசுப் பையனா ஒரு கேட்சரையும் கூட்டிட்டு வரச் சொல்றேன்."

"அது நாளைக்கு சார்." டார்லா சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தாள். "கோல்பி, இன்னொண்ணு எறிடா. கண்ணுல தண்ணியா இருந்துச்சு, சரியாப் பாக்கல."

மெர்ல் முனகிக்கொண்டே மறுபடி குந்தினார்.